அறுபதுக்கு இரண்டு குறைவு

திங்கட்கிழமை காலை பொள்ளாச்சி பஸ் விட்டுச் சென்ற புகை அடங்குவதற்குள் அந்தப் பெண் கடைக்குள் வந்துவிட்டாள். கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் நான்கு மதிப்பெண் பட்டியல். அழுது முடித்துவிட்டு வந்த முகம். இனி அழுவதற்கில்லை, யாரையாவது நாலு வார்த்தை கேட்டாக வேண்டும் என்ற நிலையில் இருந்தாள்.

"கோமதியக்கான்னு இங்க…"

"உக்காரு கண்ணு. நாந்தான்" என்றாள் கோமதி, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த ஆன்லைன் சேவைக் கடைக்கு, விண்ணப்பம் போட வருகிறவர்களைப் போலவே காகிதத்தால் அடிபட்டவர்களும் வருவார்கள். பிறந்த தேதி மாறிப்போனவர்கள், போடாத கையெழுத்துக்குப் பதில் சொல்ல நேர்ந்தவர்கள். கோமதி பதினாறு வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவள். மேலதிகாரி நீட்டிய ஒரு தாளில் கையெழுத்திட மறுத்து வேலையை விட்டாள். அவளுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அவள் பங்கையும் சேர்த்துக் கோபப்படுகிறவன்போல அவளிடம் வேலை பார்த்தான் தனபால்.

முப்பத்திரண்டு வயது தனபால் அந்தப் பட்டியல்களைப் பார்த்தவுடனேயே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான். பொறியியல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, கிரெடிட் போதாமல் அடுத்த வருடத்துக்குப் போக முடியாத 'இயர் அவுட்' ஆகி, திரும்பிப் போகாமலே நின்றுவிட்டவன் அவன். அந்த எழுத்துகளை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெண்ணின் பெயர் அஞ்சு. அப்பா சுவக்கீன் தொலைவில், மலைமேல் உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டத் தொழிலாளி. அஞ்சு இங்கே பெரியம்மா கத்தரீனாள் வீட்டில் தங்கி, பக்கத்துக் கல்லூரியில் சிவில் படிக்கிறாள். முதல் வருடம் மூன்று பாடம் போனது. இரண்டாம் வருடம் விழுந்து விழுந்து படித்து அதில் இரண்டை மீட்டாள்.

"மூணாம் வருசம் போக அறுபது கிரெடிட் வேணுங்க்கா. எங்கிட்ட அம்பத்தெட்டு இருக்கு. நீரியல் பாடத்துக்கு மட்டும் நாலு கிரெடிட். அதுல பாருங்க."

நீரியலுக்கு நேரே 'எஃப்.ஈ.' என்று இருந்தது.

தனபால் பல்லைக் கடித்தான். வெறும் 'எஃப்' என்றால் பரீட்சை எழுதித் தோற்றதாக அர்த்தம், அடுத்த துணைத்தேர்வில் எழுதிக்கொள்ளலாம். 'எஃப்.ஈ.' என்றால் வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைவு, பரீட்சை எழுதவே தகுதி இல்லை. துணைத்தேர்வும் கிடையாது. ஜூனியர் பிள்ளைகளோடு அடுத்த வருடம் முதலிலிருந்து உட்கார வேண்டும்.

"அறுபது மணி நேரத்துல நாப்பத்தோரு மணி நேரந்தான் வந்தேன்னு போட்டிருக்காங்க. நான் அம்பத்தோரு மணி நேரம் வந்தேன்க்கா. மார்ச்சு பத்துல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் சிறப்பு வகுப்பு வச்சாங்க. மத்த பாடத்துக்கெல்லாம் படிப்பு லீவு. இதுக்கு மட்டும் தினம் ஒரு மணி நேரம். பத்து நாளும் போனேன். பத்து நாளும் ஆப்சென்ட்டு போட்டிருக்காங்க."

"எதுக்குச் சிறப்பு வகுப்பு?"

"ஜனவரி பூராவும் அந்தப் பாடத்துக்கு வாத்தியாரே இல்ல. வெளிய இருந்து ஒரு கமிட்டி வந்துச்சு, எத்தன வகுப்பு நடந்துச்சுன்னு எங்கள எழுப்பிக் கேட்டாங்க. நடக்கலன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் ஜிதின் சாரை வேலைக்கு எடுத்தாங்க."

"ஏப்ரல்ல ஹால் டிக்கெட் வரலைன்னப்பவே ஏம்மா வரல?" என்று தனபால் எரிந்து விழுந்தான்.

"துறைத்தலைவர் பிச்சைமணி சார், மனு கொடு, நான் பார்த்துக்கறேன்னாருண்ணே. ரொம்ப நல்லபடியாப் பேசினாரு. மூணு மாசமா நம்பிக்கிட்டு இருந்தேன். போன வெள்ளிக்கிழமைதான் இதக் காட்டினாங்க."

அலைபேசியில் ஒரு கடிதத்தின் படம். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக, யார் கையென்று தெரியாதபடி எழுதப்பட்டிருந்தன.

'மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு. எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் நோம்பிக்கு என் மகள் அஞ்சுவை மார்ச் 10 முதல் 21 வரை அழைத்துச் செல்கிறேன். இதனால் வருகை குறைந்தால் அதற்கு நாங்களே பொறுப்பு. இப்படிக்கு, சுவாக்கின், உடும்பஞ்சோலை.'

"அப்பா எழுதலைங்க்கா. போன்ல கேட்டுட்டேன். போன் பேச்செல்லாம் சாட்சி இல்லைன்னுட்டாங்க. கூடப் படிக்கிறவங்களும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. அவங்க இன்டர்னல் மார்க்கும் துறை கையிலதான இருக்கு."

கோமதி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "பதிவுக்குக் கடைசி நாள் எப்போ?"

"நாளன்னிக்கு. புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள."

"சரி. உங்க பெரியம்மாகிட்டச் சொல்லி, எம்பேருக்கு ஒரு சம்மதக் கடுதாசி வாங்கிட்டு வா. தனபாலு, வண்டிய எடு."

*

கல்லூரி அலுவலகத்தில் மாணவர் கோப்புகளைப் பார்த்துக்கொள்பவள் மருதாத்தாள். கோமதி சம்மதக் கடிதத்தை நீட்டியதும் அவள் குரலை உயர்த்தினாள்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு எத்தன தடவ சொல்றது? போன வருசம் போனபைடு சர்ட்டிபிகேட்டுக்கு என்னை என்ன பேச்சுப் பேசினா தெரியுங்களா? சுவக்கீன் அண்ணன் தங்கமான மனுசன். அவருக்குப் பொறந்தது இப்படி. சீக்கிரம் பாத்துட்டுக் குடுங்க, ஆடி நோம்பிக்கு லீவு போட்டிருக்கறேன், வேலை தலைக்கு மேல கெடக்குது."

சேர்க்கைக் கோப்பில் தந்தையின் கையெழுத்து இருந்தது. பெரிய பெரிய தமிழ் எழுத்துகளில் 'சுவக்கீன்'. அதற்கு மேலே ஆங்கிலத்தில் பெயர். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மருதாத்தாள் அந்தக் கையெழுத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

வெளியே வந்ததும் தனபால் கோமதியின் கையைப் பிடிக்காத குறை. "அக்கா, கவனிச்சீங்களா? நோம்பின்னு சொன்னா! லெட்டர்லயும் நோம்பிதான். புள்ள மேல வஞ்சம் வேற இருக்குது. இவதானுங்க்கா!"

"மெதுவா. இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க" என்றாள் கோமதி.

விரிவுரையாளர் ஜிதினுக்கு இருபத்தேழு வயது இருக்கும். வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன், அப்பா அங்கே தேவாலயத்தில் உபதேசியார். ஒப்பந்த வேலை. கேள்வி கேட்கும் முன்பே வியர்த்தான்.

"சிறப்பு வகுப்பு நான்தான் எடுத்தேன். பேப்பர்ல வருகை குறிச்சேன். எனக்கு… கம்ப்யூட்டர்ல ஏத்த எனக்கு லாகின் குடுக்கல. ஒப்பந்தக்காரங்களுக்குக் குடுக்க மாட்டாங்க."

"அப்ப பேப்பரை யார்கிட்டக் குடுத்தீங்க?"

"துறையில குடுத்தேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. வர்ற மாசம் என் வேலையைப் புதுப்பிக்கணும்."

"அந்தப் பொண்ணு வகுப்புக்கு வந்தாளா?"

ஜிதின் ஜன்னலைப் பார்த்தான். தனபாலுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு பெண்ணின் வருடம் போகிறது, இவன் ஜன்னலைப் பார்க்கிறான்!

துறைத்தலைவர் பிச்சைமணியோ எழுந்து நின்று வரவேற்றார். நல்லேப்பிள்ளிப் பக்கம் நெல்வயல் உள்ள குடும்பம். டீ வரவழைத்தார்.

"வாங்க அம்மிணி. அந்தப் புள்ளைக்காக நான் படாத பாடு பட்டுட்டேனுங்க. அப்பனே எழுதிக் குடுத்த பொறவு நான் என்ன பண்றது? விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே. ஒரு வருசம் பெரிய காரியமா? சின்ன வயசு."

"நெசந்தானுங்க" என்றாள் கோமதி. "அவங்க அப்பாதான் ஊருக்கு வந்துருன்னு நிக்கறாராம். ஒரு வருசம் திரும்பப் படிச்சாலும் ஒண்ணும் கெட்டுப்போகாதுன்னு நீங்களே தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா மனுசன் கொஞ்சம் அடங்குவாரு."

தனபாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிச்சைமணி மகிழ்ச்சியோடு பேனாவை எடுத்தார். 'அன்புள்ள சுவாக்கின் அவர்களுக்கு, தங்கள் மகள் நல்ல பிள்ளை. ஓர் ஆண்டு தாமதம் பெரிதல்ல…' அழகான, கோர்வையான கையெழுத்து. கோமதி படித்துப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறும்போது தனபால் வெடித்தான். "ஒரு வருசம் பெரிய காரியமாங்கறான், அவன்கிட்டப் போயிப் சமாதானக் கடுதாசி வாங்கறீங்களே! எனக்கும் இதத்தான் சொன்னாங்க, சின்ன வயசுன்னு. ஜூனியர் பசங்க நடுவுல போயி உக்காந்து பாக்கட்டும், அப்பத் தெரியும்!"

"கோவத்தை வெச்சுக்கோ தனபாலு, புதன்கிழமை வேணும். இப்பக் கத்தரீனாள் அக்கா ஊட்டுக்குப் போ. அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

கத்தரீனாளிடம் அவள் கேட்டது இதுதான்: உடும்பஞ்சோலை அந்தோணியார் கோயில் திருநாள் எந்த மாதம்? கத்தரீனாள் யோசிக்காமல் பதில் சொன்னாள். கோமதி தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். தனபாலுக்கு அந்தப் பதிலில் என்ன இருக்கிறதென்று அப்போது புரியவில்லை.

*

புதன்கிழமை இரண்டரை மணிக்கு முதல்வர் அறையில் எல்லோரும் கூடினார்கள். முதல்வர் மலையாளி, பாலக்காட்டிலேயே வேலை பார்த்ததில் தமிழ் நன்றாக வரும். அவருக்கு வலப்பக்கம் பிச்சைமணி, இடப்பக்கம் மருதாத்தாள், கதவோரம் ஜிதின். அஞ்சு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தனபாலுக்கு உட்கார மனமில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

"சுருக்கமாப் பேசலாம்" என்றார் முதல்வர்.

"சுருக்கமாவே சொல்றேனுங்க சார்" என்று கோமதி கடிதத்தின் பிரதியை மேசைமேல் வைத்தாள். "மொதல்ல, இது பொய்க் கடுதாசி. மார்ச் பத்துல இருந்து இருபத்தொண்ணுன்னா கிறிஸ்தவங்களுக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கல்யாணமே வைக்க யோசிப்பாங்க. எந்த ஊர் அந்தோணியாருக்கும் அப்பக் கொடியேத்த மாட்டாங்க. உடும்பஞ்சோலையில திருநாள் ஜூன் மாசம். சுவக்கீன் கோயில் காரியங்களைப் பாத்துக்கற குட்டிக்காரரா ரெண்டு வருசம் இருந்தவராம். அவருக்குத் தெரியாம இருக்குமா?"

அஞ்சு நிமிர்ந்தாள். கதவோரம் ஜிதினின் தலை மெல்ல அசைந்தது.

"அப்படீன்னா எழுதினது அவங்க சபையைச் சேர்ந்தவங்க இல்ல. ஜிதின் சார் உபதேசியார் மகன். அவர் இந்தத் தேதியப் போட்டிருக்க மாட்டார். திருநாளை நோம்பின்னும் எழுதியிருக்க மாட்டார். எஸ்டேட்டுல யாரும் அந்த வார்த்தையைச் சொல்றதில்ல. அது எங்க பேச்சு. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. கையெழுத்தை மறைக்கப் பாடுபட்டவங்க வாய்ப் பழக்கத்தை மறந்துட்டாங்க."

தனபாலின் கண் மருதாத்தாளிடம் போனது. அவள் முகம் வெளுத்துவிட்டிருந்தது. "நானும் நோம்பின்னுதானுங்க சொல்லுவேன். அதுக்காக…"

"நீங்க இல்லீங்க" என்றாள் கோமதி. "உங்க கோப்புல அவர் தமிழ்லயே 'சுவக்கீன்'னு கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க வாயாலயும் அப்படித்தான் சரியாச் சொல்றீங்க. இந்தக் கடுதாசியில 'சுவாக்கின்'னு இருக்குது. சொந்தப் பேரை எந்த மனுசனும் தப்பா எழுத மாட்டான். இது ஆங்கிலத்துல மட்டும் அந்தப் பேரைப் பாத்தவங்க எழுதினது. துறைக்கு அனுப்பற மாணவர் பட்டியல் ஆங்கிலத்துலதானுங்களே வரும்?"

முதல்வர் ஆமெனத் தலையாட்டினார். கோமதி பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்து, கடிதத்துக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"திங்கக்கிழமை பிச்சைமணி சார் எங்க கண்ணு முன்னால எழுதிக் குடுத்தது. 'அன்புள்ள சுவாக்கின்.' கையெழுத்து வேற, பேருல இருக்கற தப்பு ரெண்டுலயும் ஒண்ணேதான். பேப்பரை வாங்கினது துறை. லாகின் துறைத்தலைவர்கிட்ட. கமிட்டி முன்னால ஜனவரியில வகுப்பே நடக்கலன்னு சொன்னது இந்தப் பொண்ணு."

முதல்வர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிச்சைமணி சிரிக்க முயன்றார்.

"அந்தக் கடுதாசியில இருந்த பேரத்தானுங்க நானும் எழுதினேன். ஒரு கால், ஒரு சுழி, இத வெச்சுக் குத்தம் சாட்டறீங்களா அம்மிணி?"

"அவ என்னங்க தப்புப் பண்ணினா?" சுவரிலிருந்து விலகி வந்த தனபாலின் குரல் அறையை நிறைத்தது. "வாத்தியார் இல்லாம ஒரு மாசம் ஓட்டினது நீங்க. அதைக் கமிட்டி கேட்டப்ப உண்மையச் சொன்னது அவ. வந்தவளுக்கு வரலைன்னு போட்டதும் நீங்க. மூணு மாசம் அவ மனுவைக் கையில வெச்சுக்கிட்டு, பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு…"

"கமிட்டி முன்னால என் துறையை அம்மணமா நிக்க வெச்சாளே, அது தப்பில்லையா?" பிச்சைமணியின் குரலில் இத்தனை நாள் இருந்த இனிப்பெல்லாம் வழிந்து போயிருந்தது. "இருபத்திரண்டு வருசமாக் கட்டின துறைங்க! முக்கித் தக்கிப் பாசாகற புள்ள, எழுந்து நின்னு…"

சொல்லி முடிக்கும் முன்பே தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி மூன்றரை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நோக்குங்க, இது வெளியே போனா கல்லூரிக்கு நல்லதில்ல. ஒரு காரியம் செய்யலாம். வருகையைத் திருத்திடறேன். 'அலுவலகப் பதிவில் நேர்ந்த பிழை'ன்னு எழுதித் தர்றேன். கோப்பைப் பார்க்கறது மருதாத்தாள். அவங்களுக்கு ஒரு மெமோ. அதோட தீர்ந்துது. குட்டிக்கு வேண்டியது இன்னிக்குப் பதிவுதானே?"

மருதாத்தாள் எழுந்தே விட்டாள். "சார், எம்பேரையா?"

தனபால் கோமதியைப் பார்த்தான். பல்கலைக்கழக விதியை அவள் அவனுக்குக் காலையிலேயே காட்டியிருந்தாள்: தகுதியின்மை கல்லூரியின் பிழையால் வந்தது என்று கல்லூரி எழுத்தில் ஒப்புக்கொண்டால், மாணவர் மூன்றாம் ஆண்டில் தற்காலிகமாகச் சேரலாம், விடுபட்ட பரீட்சையைத் துணைத்தேர்வில் எழுதலாம். யார் பிழை என்று விதி கேட்கவில்லை. முதல்வர் எழுதப்போகும் அந்தப் பொய்யே போதும். வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது.

கோமதி அஞ்சுவைப் பார்த்தாள்.

"அந்த அக்கா பேரைப் போடாதீங்க சார்" என்றாள் அஞ்சு. முதல்வரை நேராகப் பார்த்தாள். "அவங்க என்னைத் திட்டுவாங்க. திட்டினாலும் எம்மேல பொய் எழுதல. நான் வகுப்புக்கு வந்தேன்னு உண்மைய எழுதுங்க. யார் மாத்தினாங்களோ அவர் பேரை எழுதுங்க. இன்னொருத்தர் மேல பொய் சொல்லித்தான் எனக்குப் பதிவுன்னா எனக்கு அது வேண்டாம்."

"குட்டி, மணியைப் பாரு…"

"பாத்துட்டுத்தான் சார் பேசுறேன்."

தனபாலுக்கு, எடுத்துக்கோ, பைத்தியக்காரி, எடுத்துக்கிட்டு ஓடு என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, அந்த நாற்காலி நுனிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தான்.

அப்போது கதவோரம் நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. ஜிதின் எழுந்து நின்றான்.

"பத்து நாளும் அவ வந்தா சார். முன் பெஞ்சு. வந்ததாத்தான் நான் குறிச்சேன். பேப்பரைப் பிச்சைமணி சார் கையிலதான் குடுத்தேன். திரும்பக் கேட்டப்ப, வேலை வேணுமா பேப்பர் வேணுமான்னாரு." மேசையருகே வந்தான். "எழுதித் தர்றேன். வெள்ளைத்தாள் குடுங்க."

அவன் எழுதிய ஒரு பக்கத்தில் கையெழுத்துச் சாட்சியாக மருதாத்தாள் பெயரும் வந்தது. அவளாகவே பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாள் மேசைமேல் இருக்கும்போது முதல்வரால் வேறெதுவும் எழுத முடியவில்லை. 'துறைத்தலைவரால் வருகைப் பதிவு மாற்றப்பட்டது' என்ற வாக்கியத்தை எழுத அவருக்கு இருபது நிமிடம் பிடித்தது. பிச்சைமணி விசாரணை முடியும்வரை விடுப்பில் போகட்டும் என்று தனித்தாளில் எழுதினார். பிச்சைமணி யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அவர் போகும் வழியில் ஜிதின் விலகவில்லை, அவர்தான் சுற்றிக்கொண்டு போனார்.

நான்கு நாற்பதுக்குத் தனபால் அலுவலகக் கணினியின் முன் உட்கார்ந்து, முதல்வரின் கடிதத்தை ஏற்றி, பதிவை முடித்தான். 'தற்காலிகச் சேர்க்கை' என்று திரையில் பச்சை எழுத்து வந்தது. மருதாத்தாள் பிரிண்ட் எடுத்துச் சீல் குத்தி, "பத்திரமா வெச்சுக்கோ, இனி வந்து தொலைஞ்சு போச்சுன்னு என் உயிரை வாங்காதே" என்று வழக்கம்போலத் திட்டினாள்.

தனபாலின் கோபம் மட்டும் இறங்கவில்லை. மூன்று மாதம், ஒரு பொய்க் கடிதம், ஒருத்தனின் வேலைக்கு ஆபத்து. எல்லாம் எதற்காக? வெளியே வந்ததும் கோமதியிடம் கேட்டான். அவள் மரத்தடியில் நின்று அலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அஞ்சுவைக் காட்டினாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுற்றிலும் ஏலக்காட்டு ஆட்களின் பேச்சுச் சத்தம், நடுவே சுவக்கீனின் குரல்.

"என்னம்மா, முடிஞ்சுதா? பாஸாயிட்டியா?"

"இன்னும் பரீட்சையே எழுதலப்பா. எழுதலாம்னு சொல்லியிருக்காங்க."

சுற்றிலும் இருந்த சத்தத்தைத் தாண்டி சுவக்கீன் கேட்டார்.

"இதுக்கா இம்புட்டு?"

"இதுக்குத்தாம்பா" என்றாள் அஞ்சு.